சுசாரா வீட்டு மகரந்தம்

அலெட்டாவுக்குச் சுசாராவைக் கண்டாலே ஆகாது. அதற்கு அலெட்டாவின் புருஷன் தியூனிஸைவிடக் கற்றாழையின் பிறவிக் குணம்தான் காரணம் என்று இன்றைக்கும் நான் சொல்வேன். கற்றாழை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. விதை பிடிக்க வேண்டுமானால் வேறொரு செடியிலிருந்து கொண்டுவர வேண்டும். தியூனிஸ் தன் வீட்டுச் சிவப்புக் கற்றாழையில் ஒரு புதுக் கலப்பு உண்டாக்க ஆசைப்பட்டான். கரூ என்கிற எங்கள் வறண்ட பூமியில் அப்போது நல்ல மஞ்சள் கற்றாழை இருந்தது சுசாராவின் தோட்டத்தில் மட்டும்தான். அவளோ விதவை, கலகலப்பானவள், ரஸ்க் சுடுவதில் கெட்டிக்காரி.

ஒரே நாளில் முடிகிற வேலையாக இருந்தாலாவது பரவாயில்லை. பூத்தண்டு அடியிலிருந்து நுனிவரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மலரும். அன்றன்றைக்கு மலர்ந்த பூவுக்கு அன்றன்றைக்கு மகரந்தம் வேண்டும். எங்கள் பக்கம் ஜூன் மாதம்தான் நடுக்குளிர்காலம்; அந்த உறைபனியில் தியூனிஸ் தினமும் காலையில் மகரந்தம் சேர்த்துவரக் காலித் தீப்பெட்டியும் தூரிகையுமாகக் கிளம்பிவிடுவான். திரும்பும்போது மீசையில் ரஸ்க் தூள் ஒட்டியிருக்கும்.

"மகரந்தம் எடுக்கப் போனியா, மேய்ஞ்சிட்டு வரப் போனியா?" என்று அலெட்டா கேட்பாள்.

"குளிருதேன்னு காப்பி குடுத்தா. வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்பான்.

அலெட்டாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவள் சுடும் ரஸ்க்கைக் கடித்துப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவைக்கிறவன் அவன். போதாக்குறைக்கு எங்கள் கற்றாழைச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விதையிலிருந்து புதுக் கலப்பு வளர்த்தவர், அது முதல்முதலாகப் பூக்கும் குளிர்காலத்தில் கண்காட்சிக்குக் கொண்டுவந்து, தாய்ச்செடி எது, தகப்பன்செடி எது, வைக்கும் பெயர் என்ன என்று எல்லார் முன்னாலும் வாயால் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயராகத்தான் இருக்கும். இதற்கு யார் பெயரோ என்று கேட்டு ஊரே அலெட்டாவைச் சீண்டியது. நானும்தான் சீண்டினேன்.

தேன்சிட்டு வந்து காரியத்தைக் கெடுத்துவிடாமல் இருக்கத் தியூனிஸ் பூத்தண்டுக்கு வலைப்பை மாட்டி இறுக்கிக் கட்டியிருந்தான். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் அலெட்டா போய் அதை அவிழ்த்துவிடுவாள். வேலியோரக் காட்டுக் கற்றாழையில் மூக்கை நுழைத்த சிட்டுகள் அந்த மகரந்தத்தோடு இதிலும் வந்து நுழையும். வண்டிச் சத்தம் கேட்டதும் பழையபடி கட்டிவிடுவாள். இதெல்லாம் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னது.

வசந்தத்தில் காய் வெடிக்கும் முன் பறித்து, காகிதம்போல் பறக்கும் விதைகளை மணல் தட்டில் தூவினான் தியூனிஸ். அடுத்த வாரமே கூரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். தட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை அலெட்டாவின் தலையில் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். நீரை ஊற்றினால் குருத்து அழுகிவிடும் என்று புகைபோலத் தெளித்தாள். நிழல்வலையை ஏற்றி இறக்கினாள். அவன் கால் சரியான பிறகும் தட்டை அவன் கையில் கொடுக்கவில்லை. உறைபனிக் காலத்தில் ஒரு கன்றுக்குத் தன் கம்பளிச் சால்வையைப் போர்த்தியதை நானே பார்த்தேன்.

ஐந்தாவது குளிர்காலத்தில் அந்தக் கன்று பூத்தது. மொட்டு கருஞ்சிவப்பு, விரிந்தால் செம்மஞ்சள், விளிம்பில் பாலேட்டு நிறம். வேலியோரம் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அலெட்டா அதை "என் செடி" என்றுதான் சொன்னாள். அதற்குத் தன் பெயர் வர வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. வாய்விட்டுக் கேட்க மட்டும் ரோஷம் விடவில்லை.

கண்காட்சி வாரத்தில் தியூனிஸ் இரண்டு தடவை சுசாரா வீட்டுக்குப் போய்வந்தான். ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்பினான். என்ன பெயர் என்று கேட்டால், அங்கே வந்து கேள் என்றான். அலெட்டா அன்றிரவு சாப்பிடவில்லை.

மண்டபத்தில் நடுவர் ஃபானி வழக்கப்படி கேட்டார். தாய், எங்கள் வீட்டுச் சிவப்பு என்றான் தியூனிஸ். தகப்பன், சுசாரா வீட்டு மஞ்சள். முன்வரிசையில் சுசாரா, மடியில் துண்டு போட்டு மூடிய தட்டோடு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அலெட்டா எழுந்துவிட்டாள்.

"பொய். நான் தெனமும் பையை அவுத்துவிட்டேன். சிட்டு வந்து குடிச்சிட்டுப் போச்சு. அது அவ வீட்டு மஞ்சளுக்குத்தான் பொறந்துச்சுன்னு இனி எவனும் சொல்ல முடியாது."

ஃபானி கண்ணாடியைக் கழற்றினார். தகப்பன் தெரியாத செடிக்குச் சங்கம் பெயர் வைக்காது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அலெட்டாவுக்கும் தெரியும்.

"என்ன பேரு வைக்கிறதா இருந்த, தியூனிஸ்?" என்று கேட்டார் ஃபானி.

அவன் செடியைப் பார்த்தபடியே சொன்னான். "அலெட்டா."

சுசாராவின் சிரிப்பு போய்விட்டது. மடியிலிருந்த துண்டை மெதுவாக விலக்கினாள். உள்ளே கேக், அதன்மேல் வெள்ளைச் சர்க்கரைப் பாகில் அதே பெயர்.

பெயரில்லாச் செடிகளுக்கான மேசை வாசலோரம் இருந்தது. தியூனிஸ் தொட்டியைத் தூக்கிப்போய் அங்கே வைத்துவிட்டு வெளியே போனான். அலெட்டா தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அன்றைக்குக் கூட்டம் மொய்த்தது அந்த மேசையைத்தான். வெளியூர்க்காரி ஒருத்தி பூவைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு அழகாக இருக்கிறதே, பெயர் என்ன என்று அவளிடமே கேட்டாள்.

"பேரு இல்ல" என்றாள் அலெட்டா.