குழையலுக்குள் குளிசை

1

இந்தக் கதை ஒரு விளக்கக் குறிப்பிலிருந்து பிறந்தது. கதைகளுக்கு இதைவிடக் கௌரவமான பிறப்பிடங்கள் உண்டு என்று தெரியும். என்ன செய்வது, எனக்கு வாய்த்தது இதுதான். முதியோரை வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு வந்த குறிப்பு. தமிழ்க் குடும்பங்களுக்கும் விளங்கவேண்டும் என்று அதைத் தமிழாக்க என்னிடம் தந்தார்கள்.

அதன் சாரம் இவ்வளவுதான். மறதி நோய் உள்ள ஒருவர் மருந்தை மறுத்தால், அதை உணவில் மறைத்துக் கொடுப்பதும் கட்டாயப்படுத்தல்தான். முதலில் அவரிடம் சொல்லி, நம்பிக்கையைப் பெற முயலவேண்டும். அது சரிவராமல், மருந்தில்லாவிட்டால் பெருங்கேடு வரும் என்றால் மட்டும், பொறுப்பிலுள்ளவர்கள் எழுத்தில் முடிவெடுத்த பிறகு மறைத்துக் கொடுக்கலாம்.

எளிய வசனங்கள். ஆனால் ‘உணவில் மறைத்து’ என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. கண்ணுக்கு முன்னால் ஒரு சோற்று உருண்டை வந்தது.

2

முதல் தொடக்கம்: ‘புருசெத்தின் மாடிக் கட்டடங்கள்மீது பனி மெல்ல…’

(இல்லை. ஒஸ்லோக் கதை என்றால் பனி கொட்டியே ஆகவேண்டுமா? இது யூன் மாதம். வெயில் கொளுத்துகிறது.)

இரண்டாம் தொடக்கம்: ‘நோர்வேத் தாதி கதவைத் தட்டியபோது சிறிதேவி…’

(இதுவும் வேண்டாம். அந்தத் தாதியை உள்ளே விட்டால் கதை அவர்களுடைய சட்டத்துக்கும் எங்களுடைய பாசத்துக்கும் நடக்கும் சண்டையாகிவிடும். பாசம் வெல்லும், நீங்கள் கைதட்டுவீர்கள், ஒருவரும் எதையும் யோசிக்க வேண்டியிராது. அப்படிப்பட்ட கதைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

மூன்றாவது தொடக்கம் நின்றுவிட்டது: அருளானந்தன் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். ஹோட்டல் சமையலறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். இப்போது மறதி நோய். போதாததற்கு இதய வருத்தமும் உண்டு. அதற்கான மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, தவறினால் பக்கவாதம் வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். கையில் கொடுத்தால் ‘நஞ்சு’ என்று துப்பிவிடுகிறார்.

ஆகவே மனைவி சிறிதேவி மதியத்தில் குளிசையைக் கரண்டியால் நசுக்கி, சோறு, பருப்பு, மீன்குழம்போடு சேர்த்துக் குழைத்து, உருண்டையாக்கி அவர் உள்ளங்கையில் வைக்கிறார். அவர் சாப்பிட்டுவிடுகிறார்.

(குழையல் தெரியாத யாழ்ப்பாண வீடு உண்டா? எல்லோரும் சுற்றியிருக்க, ஒருவர் குழைத்து ஒவ்வொருவர் கையிலும் உருண்டை வைப்பார். அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால், வைத்த கையைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும்.)

3

பராமரிப்பு நிறுவனத்திலிருந்து வரும் தாதி டிலக்சி. இங்கேயே பிறந்தவள், அவளும் குழையல் தின்று வளர்ந்தவள். அவள் செய்த பிழைக்கு அதுதான் காரணம். வேறொரு வீட்டில் யாராவது யோகட்டில் குளிசையைக் கரைத்திருந்தால் உடனே தடுத்திருப்பாள். இந்த வீட்டிலோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அது சாப்பாடு. சிறிதேவி அவளுக்கும் ஒரு உருண்டை வைப்பார், மருந்தில்லாதது. அதைத் தின்றுவிட்டு, ‘மருந்து எடுத்தார்’ என்று பதிவுசெய்துவிட்டுப் போவாள்.

(இவளை நான் முதலில் நம்பவில்லை. படித்த பெண் கவனிக்காமல் இருப்பாளா? பிறகு நம்பினேன். நாக்கு பழகிய ஒன்றை விதியோடு வைத்து ஒப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை.)

குறிப்பு வந்தபிறகு ஒருநாள் டிலக்சி உருண்டையை வாங்காமல் நின்றாள்.

“மாமி, இது த்வாங். கட்டாயப்படுத்திறது.”

“நான் என்ன, அவரைக் கட்டியே வைச்சிருக்கிறன்?”

“அவர் வேண்டாம் எண்டதை அவருக்குத் தெரியாமல் குடுக்கிறம் மாமி. நானும் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். ஒஃபிசிலை சொல்லிப்போட்டன்.”

“என்ரை மனுசனுக்குச் சோறு தீத்த ஆரிட்டைப் பிள்ளை உத்தரவு கேக்கோணும்?”

“சோத்துக்கு இல்லை மாமி. குளிசைக்கு. முதல்லை அவருக்குச் சொல்லிப் பாக்கட்டாம்.”

“சொன்னால் இனி என்ரை கையாலை வாங்கமாட்டார். குளிசையும் போச்சு, சோறும் போச்சு. பிறகு எனக்கு என்ன மிச்சம்?”

இதை எழுதிவிட்டு நான் கொஞ்சநேரம் அழுதேன். எழுத்தாளர் அழுததைச் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: குளிசை நின்று, பக்கவாதம் வந்து, அவர் ஆஸ்பத்திரியில்… (குறிப்பைத் தண்டிப்பதற்காக ஒரு மனிதரைச் சாய்ப்பதா? அடித்துவிட்டேன்.)

மற்றது: உண்மையைச் சொன்னதும் அவர் சிரித்து, “எனக்கு முதலே தெரியும் சிறி” என்கிறார். (கையில் தானாக வந்து விழுந்த முடிவு. நீங்கள் கண்ணைத் துடைப்பீர்கள். எல்லோரும் தப்பிவிடுவோம். அதனாலேயே அடித்தேன்.)

அடித்த பிறகுதான் உறைத்தது. இவ்வளவு தூரம் வந்தும் அருளானந்தனை நான் பேசவே விடவில்லை. சிறிதேவி பேசினார், டிலக்சி பேசினாள், நான் ஓயாமல் பேசினேன். அவர் சொன்னது ‘நஞ்சு’ என்ற ஒரு சொல். அதையும் நோயின் பேச்சென்று தள்ளிவிட்டோம். எதைச் செய்யவேண்டாம் என்று தமிழாக்கினேனோ, அதையே அவருக்குச் செய்திருக்கிறேன்.

5

ஆகவே அவருக்கு இடம் விடுகிறேன். மதியம். உருண்டை அவர் கையில் இருக்கிறது. டிலக்சி பக்கத்தில் இருக்கிறாள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் தானே சொல்வதாகச் சிறிதேவி ஒப்புக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, இதுக்கை உங்கடை குளிசை கிடக்கு. இதயத்துக்கு.”

“நஞ்சோ?”

“சீச்சீ. மருந்தப்பா.”

“அப்ப ஏன் ஒளிச்சனீ?”

(இந்தக் கேள்வி என் திட்டத்தில் இருக்கவில்லை.)

“நீங்கள் செத்துப்போடுவியள் எண்ட பயத்திலை.”

அவர் உருண்டையைத் தட்டில் வைத்தார். “பசிக்கேல்லை” என்றார்.

அடுத்த நாளுக்குள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை. முன்பு நீட்டியவுடன் வாங்கியவர், இப்போது உருண்டையை விரலால் பிரித்துப் பார்க்கிறார். குளிசையைத் தனியாகக் கொடுத்தாலும் துப்புகிறார். டிலக்சி தேநீர் ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து, திரும்பத் திரும்பக் கதைத்துப் பார்த்தாள். சரிவரவில்லை. மருத்துவர் வந்து பார்த்தார். கடைசியில் எழுத்தில் முடிவு வந்தது: மறைத்துக் கொடுக்கலாம். நசுக்கக்கூடிய வேறு குளிசையும் எழுதித் தந்தார்கள்.

இனிச் சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சிறிதேவி குழைக்கிறார். உருண்டையை அவர் உள்ளங்கையில் வைக்கிறார். அவர் அதைப் பிரிக்கவில்லை. நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்க்கிறார்.

“சிறி, இதுக்கை என்னவும் போட்டனியே?”

முடிவைத் தந்தவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. டிலக்சி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் இதற்குமேல் எழுதமாட்டேன். ‘ஓம்’ என்றால் அவர் சாப்பிடமாட்டார். ‘இல்லை’ என்றால் நம்பிச் சாப்பிடுவார். நாளைக்கும் கேட்பார், முதன்முறையாகக் கேட்பவரைப் போல.

உருண்டையோடு அவர் கை நீட்டியபடி இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.