துரையின் தூண்டிலுக்கு உருளை வளையம்

அறுந்தது துரையின் தூண்டில் நூல். அதற்குத் திட்டு வாங்கியது நான். திட்டு எனக்குப் புதிதில்லை. ஆனால் தோட்டத்துக் கணக்கெழுதும் விசுவலிங்கம் கிராணி ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "உருளை வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மீன்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சைவக்காரர், கடல் மீனுக்கு எந்த வளையம் நல்லது என்று எனக்குச் சொல்ல வந்துவிட்டார்!

என் பெயர் ஐயாசாமி. மலாயாவில், பாலோ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இஞ்சின் கொட்டகைப் பிட்டர். ஐந்து வருஷம் பால் வடியப் பட்டை சீவிப் பால்மரம் வெட்டினேன். பிறகு கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, எண்ணெய் ஊற்றி, ஏச்சுப் பேச்சு கேட்டு அந்த வேலைக்கு வந்தேன். எங்கள் பெரிய துரைக்குக் கடல் மீன் பைத்தியம். மழை மாதங்கள் போக மற்ற நாட்களில் மெர்சிங் கடற்கரைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு மலாய்க்காரரின் மோட்டார் படகில் ஏறி, தீவுகளுக்கு அப்பால் இக்கான் லாயார் பிடிப்பார். முதுகில் பாய் விரித்த மீன் அது. ஆள் உயரத்தைவிட நீளம். தூண்டிலில் மாட்டிக்கொண்டால் இருநூறு கஜம் நூலை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடுமாம்.

அந்த நூல், கம்பின் முதுகில் வரிசையாகக் கட்டியிருக்கும் வளையங்கள் வழியாகத்தான் ஓட வேண்டும். துரையின் கம்பில் அகேட் கல் பதித்த வளையங்கள் இருந்தன. மோதிரக் கல் மாதிரி பளபளவென்று இருக்கும். இரண்டு முறை நூல் அறுந்து மீன் தப்பிய பிறகு, துரை கம்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்தார். நான் கந்தலிலிருந்து ஒரு மெல்லிய பருத்தி நூலை உருவி, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது வளையத்தில் நூல் பஞ்சாகப் பிரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல். படகின் விளிம்பில் எங்கோ மோதியிருக்கும். கல் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் ஒரு அடி பட்டால் போச்சு.

"ஐயாசாமி, நீ என்னா சொல்றான்?" என்று கேட்டார் துரை. அவருக்குத் தோட்டத்துத் தமிழ்தான் வரும்.

அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மரத்தடியில் இருந்த ஐந்து வருஷமும் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. வெட்டு என்றார்கள், வெட்டினேன். கொட்டகைக்கு வந்த பிறகுதான் என்னிடம் யோசனை கேட்க ஒரு வாய் கிடைத்தது. சம்பளம், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்கு.

கல் வேண்டாம், சின்னச் சக்கரம் சுழலும் உருளை வளையம் போடலாம் என்றேன். நூல் உரசாது, சக்கரத்தின் மேல் ஓடும். பக்கத்தில் நின்ற கிராணிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத் துரைமாரும் அகேட்தான் வைச்சிருக்கினம். கூலிக்காரன்ரை கதையைக் கேட்டுப் பிழை விடக் கூடாது" என்று முதலில் என் காதுபடத் தமிழிலும் பிறகு துரைக்கு இங்கிலீஷிலும் சொன்னார். துரை சிரித்தார்.

"நீ சொல்ற சாமான் போடு. கெட்டுப்போனா நீ மறுபடி பால்மரம். சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

சிங்கப்பூர்க் கடையிலிருந்து இரண்டு விதமான உருளை வளையங்கள் ரயிலில் வந்தன. ஒன்று நிக்கல் பூசிக் கண்ணாடி மாதிரி மின்னியது. இன்னொன்று மங்கலான பித்தளைச் சக்கரம். கிராணி உடனே மின்னுவதை எடுத்துத் துரையிடம் நீட்டினார். நான் துரையின் நூலை வாங்கி, அந்தச் சக்கரத்துக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் வைத்து அழுத்தினேன். நூல் உள்ளே நுழைந்துகொண்டது. மீன் பக்கவாட்டில் ஓடும்போது நூல் சக்கரத்தை விட்டு நழுவி அந்தச் சந்தில் விழுந்தால் கத்தியில் வைத்த மாதிரிதான். பித்தளைச் சக்கரத்தின் சந்தில் அரை நூல்கூட நுழையவில்லை. அதைத்தான் வாங்கினோம், உபரியாக ஒரு சக்கரமும் சேர்த்து. அழகு பார்த்து எடுப்பதற்கு இதென்ன பெண் பார்க்கும் சடங்கா என்று எனக்குள் கறுவிக்கொண்டேன்.

கம்பு நெடுக ஐந்து, நுனியில் ஒன்று. பட்டு நூலால் நெருக்கிக் கட்டி, மூன்று தடவை வார்னிஷ் பூசினேன். ஒவ்வொரு அச்சிலும் ஒரு சொட்டு எண்ணெய். வாயால் ஊதினால் ஆறும் சுழன்றன. நானே அதைப் பத்துத் தடவை ஊதிப் பார்த்திருப்பேன்.

அதற்குள் ஆயுதபூசை வந்தது. கொட்டகைப் பூசையைக் கிராணிதான் முன்னால் நின்று நடத்துவார். அவர் கை என் வளையங்களில் படக் கூடாது என்று, பூசைக்கு முதல் நாளே கம்பைக் கித்தான் உறைக்குள் போட்டுக் கட்டி மூலையில் சாத்திவிட்டேன். பூசைக்கு மறுநாள் விடியலில் டிரைவர் மணியம் உறையோடு கம்பைக் காரில் ஏற்றினான். அந்த வருஷத்துக்குக் கடைசிப் பயணம் என்று துரை கிளம்பிவிட்டார்.

நாலாம் நாள் காலை மணியம் ஆபீஸ் வாசலில் வைத்துக் கம்பை என் கையில் கொடுத்தான்.

"நாப்பது நிமிசம் மீன் நின்னுச்சு அண்ணே. படகுக்குக் கிட்டயே வந்துருச்சு. பட்டுனு அறுந்துருச்சு லா. துரை தொப்பியத் தூக்கிக் கடல்ல போட்டுட்டாரு. மூணு மணிக்கு இந்தக் கம்போட உங்கள ஆபீசுக்கு வரச் சொன்னாரு."

அப்போதுதான் கிராணி "அப்பவே சொன்னனான்" என்ற அந்த வார்த்தையைச் சொன்னது.

கொட்டகைக்குப் போய்க் கம்பை மேசையில் வைத்து ஊதினேன். ஐந்து சக்கரம் சுழன்றது. நுனிச் சக்கரம் மட்டும் அசையவில்லை. விரலால் தள்ளினேன், அசையவில்லை. சுழலாத சக்கரத்தில் நூல் உரசி உரசிப் பித்தளையிலேயே வரி விழுந்திருந்தது. அச்சின் ஓரத்தை ஊசியால் சுரண்டினேன். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்! சந்தனமும் குங்குமமும் அச்சுக்குள் இறங்கி, எண்ணெயோடு குழைந்து, காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது.

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூசையில் சந்தனக் கிண்ணம் யார் கையில் இருந்தது? கம்பைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிராணி! உறைய அவுத்து இந்த வேலையப் பாத்தது நீதானே? என்னை மரத்துக்கு அனுப்பணும்னா நேரா செய்யணும். சாமி பேரச் சொல்லிக் கழுத்தறுப்பியா?"

என் பேச்சில் ஐயா போய்விட்டது, நீங்களும் போய்விட்டது. குமாஸ்தாக்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் பதிலுக்குக் கத்துவார், எட்டி ஓர் அறை விடலாம் என்றுதான் இருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது நான் வைச்ச பொட்டில்லை. நான் விரல் நுனியாலை மெல்லத் தொட்டு வைப்பன். இது ஆரோ அப்பியிருக்கினம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பூசை முடிஞ்சாப்பிறகு உன்ரை மனிசி வந்து சந்தனக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கினவள். வீட்டிலை போய்க் கேள்" என்றார்.

மரப்பாலை நிறுத்துப் போட்டுவிட்டு என் மனைவி அங்கம்மா அப்போதுதான் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். முக்காட்டுத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கம்பை அவள் முன்னால் நீட்டினேன்.

"இதுல பொட்டு வச்சியா?"

"ஆமா, வச்சேன்" என்றாள், நல்ல காரியம் செய்தவள் மாதிரி. "எல்லாத்துக்கும் வச்சாங்க. சுத்தியலுக்கு, ரம்பத்துக்கு, எண்ண டப்பாக்குக்கூட. உங்க பொழப்பே தொங்குற இந்தக் கம்ப மட்டும் மூலையில சாத்தி வச்சிருந்தீங்க. சாமிக்குக் கோவம் வந்துறாதா? அதான் அவுத்து, ஒவ்வொரு வளையத்துக்கும் மேலாப்புல ஒரு பொட்டு வச்சேன். அந்த நுனிச் சக்கரம் இருக்கே, அதுக்கு மட்டும் நல்லா அழுத்தி ரெண்டு தடவ."

ரெண்டு தடவை! எனக்கு அவளைத் தூக்கிப் போட்டு மிதிக்க வேண்டும்போல் இருந்தது. நான் போட்ட கூச்சல் பத்து வாசலுக்கும் கேட்டிருக்கும். சக்கரம் சுழலவில்லை என்றேன், நூல் அறுந்தது என்றேன், மூன்று மணிக்கு என் கதை முடிந்தது என்றேன். "நான் நல்லதுக்குத்தானங்க…" என்று தொடங்கினாள். அந்த நல்லதுதான் என் ஆத்திரத்தை முழுதாகக் கொட்ட விடவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் அடித்தாவது தீர்த்திருப்பேன். கம்பை நான் ஒளித்துவைக்காமல் இருந்திருந்தால் அவள் ஏன் தொடப் போகிறாள்? கிராணி விரல் நுனியால் வைத்திருப்பார், நான் துடைத்திருப்பேன். இதை நினைக்க நினைக்க என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் கிராணி ஆபீஸ் பின்பக்கம் என்னைக் கூப்பிட்டார்.

"துரைக்கு உண்மையைச் சொன்னா, இனிக் கொட்டகைக்குள்ளை பூசையே இல்லை. உன்ரை மனிசியையும் தோட்டத்தை விட்டே கலைப்பார். கடைக்காரன் கூடாத சாமானைத் தந்து ஏமாத்திப்போட்டான் எண்டு சொல்லு. நானும் ஓமெண்டு சொல்லுறன். அவர் கடைக்குக் காயிதம் எழுதி, திரும்ப அகேட் எடுப்பார். உன்ரை வேலை உனக்கிருக்கும்."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் வெறுத்த மனிதர் இப்போது பார்த்தா நல்லவராக வேண்டும்? சரி என்று தலையாட்டினேன்.

துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெயிலில் வெந்து மூக்குத் தோல் உரிந்திருந்தது. கம்பை மேசையில் வைத்தேன். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"கடைக்காரன் மட்டமான சாமானக் குடுத்துட்டான் துரை."

கிராணி இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சேர்த்தார். துரை மேசையைத் தட்டினார்.

"நான் நெனைச்சான்! உருளை குப்பை சாமான். கிராணி, அகேட் எழுது." இழுப்பறையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஐயாசாமி, நீ இத எல்லாம் பிச்சிப் போடு. இப்பவே."

வேலை பிழைத்தது. குறட்டைக் கையில் எடுத்தேன். முதல் வளையத்தின் காலைக் கவ்வினேன். கட்டைவிரல் சக்கரத்தில் பட்டது. அது சுழன்றது. சத்தமே இல்லாமல், நான் எண்ணெய் விட்ட அன்றைக்குச் சுழன்ற மாதிரியே சுழன்றது. குப்பையாம்! இதையா? சந்து பார்த்து, நூல் வைத்துப் பார்த்து, நான் பொறுக்கி எடுத்த சாமானையா? அந்தக் கல் வளையம் மறுபடி வரும், மறுபடி கீறும், மறுபடி நூல் அறுக்கும். இனிமேல் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பொய் சொன்ன வாயை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது?

கையிலிருந்த குறட்டை மேசையில் ஓங்கி வைத்தேன். மைக்கூடு குதித்தது.

"சக்கரம் நல்ல சக்கரம் துரை! கடைக்காரன் ஏமாத்தல. அச்சுக்குள்ள அழுக்கு போயிருச்சு. அனுப்புறதுக்கு முன்னால நான் உறையத் தொறந்து பாக்கல. தப்பு என் தப்பு. சாமானக் குப்பைனு சொல்லாதீங்க!"

துரையிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. கிராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்காமலே நுனி வளையத்தின் அச்சை உருவினேன். மடியில் முடிந்துவைத்திருந்த உபரிச் சக்கரத்தைப் போட்டு, அச்சைத் தட்டி, துரையின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"ஊதிப் பாருங்க."

துரை என்னைப் பார்த்தார். பிறகு ஊதினார். சுழன்றது. நூலைக் கோத்து இழுத்துப் பார்த்தார். மறுபடி ஊதினார்.

"சரி. வளையம் இருக்கட்டும்" என்றார். "அகேட் வேணாம். ஆனா நீ பாக்காம அனுப்பிச்சான். நம்ம பேச்சு பேச்சுதான். நாளைக்குப் பெரட்டுக்கு வா."

பெரட்டு என்றால் விடியுமுன் மரம் வெட்டுகிறவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கடைசியில் எந்த வளையம் நல்லது என்பது அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது, அதைச் சொன்னவன் மட்டும் வேண்டாமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசல்படி தெரியவில்லை, கால் பெருவிரலை இடித்துக்கொண்டேன்.

வெளியே அங்கம்மா நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னங்க சொன்னாரு?"

"உருளையே இருக்கட்டும்னாரு."

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். "சத்தியமா இனிமே அந்தக் கம்பத் தொடவே மாட்டேங்க."

"இனிமே நானும் தொட முடியாது" என்றேன். "காலையில நாலு மணிக்கு என்னையும் எழுப்பிவிடு."