பதினோரு வருஷம் வராத ஆமென்

டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் வேலை பார்ப்பதால் எல்லோருக்கும் அவள் டயாலிசிஸ் அக்கா. அவளுடைய ஆமென் ஜெபம் முடியும் இடத்தில் வராது. கேட்டதை அவள் செய்து முடிக்கும் இடத்தில்தான் வரும். முப்பத்திரண்டாம் வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையே ஆமென் சொன்னபோது அவள் வாய் மட்டும் காற்றைத் தின்றது. அன்று தனியாக வாழும் மாடிவீட்டுக்காரருக்காக ஜெபித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அவருடைய கேஸ் சிலிண்டரை நாலு மாடி தூக்கிப்போய் இறக்கினாள். இறக்கிய நொடியில் "ஆமென்" என்று தொண்டையிலிருந்து குதித்தது. அவர் பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு அது பழகிப்போனது. பொறுமை கேட்டு ஜெபித்தால், மாமியார் அதே கதையை மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் வரும். மீன் கடையில் வந்திருக்கிறது, பல் டாக்டர் நாற்காலியில் வந்திருக்கிறது. தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "எங்க ஆமென் எல்லாம் கரெக்டா டயத்துக்கு வந்துடுதும்மா. ஆனா போய்ச் சேருதான்னுதான் தெரியல," என்றார் போதகர், பெருமூச்சோடு.

ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. அண்ணனுக்குப் பிடிக்காத கல்யாணத்தை அவள் செய்துகொண்டாள். அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அம்மா இறந்ததை, அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் அவன் சொல்லி அனுப்பினான். அந்த வாரமே அவள் முழங்கால் போட்டு, அவனை மன்னித்துவிட்டேன் ஆண்டவரே என்றாள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஆமென்னுக்காக அவள் ஏங்கிய ஏக்கத்தில் பாதி, கடைசியாக முகம் பார்க்கக் கிடைக்காத அம்மாவுக்கான ஏக்கம். எது எந்தப் பாதி என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை, அவள் வார்டின் ஐந்தாம் கட்டிலில் அண்ணன் படுத்திருந்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ்.

அவள் வேலையைத் தப்பில்லாமல் செய்தாள். ஊசியை முதல் குத்திலேயே ஏற்றினாள். தாகம் தாகம் என்று அவன் அனத்தியபோது, ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் இதோ வந்துவிடும் என்று வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "அக்கா, பேஷண்ட்டைப் பாக்கறீங்களா, இல்ல உங்க ஆமென்னைப் பாக்கறீங்களா?"

சுருக்கென்றது. அவள் அன்றுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள்: ஏழு மாதத்தில் அவனிடம் "கையை நீட்டுங்க" தவிர வேறு வார்த்தை பேசவில்லை. அண்ணா என்று ஒரு தடவைகூட இல்லை.

அடுத்த முறை, மூன்றாவது மணி நேரத்தில் அவனுக்குக் கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. துடித்தான். அவள் ஓடிப்போய்ப் பாதத்தைப் பிடித்து, விரல்களை முகத்துப் பக்கமாக அழுத்தி மடக்கினாள். சுண்டுவிரல் உள்பக்கம் கோணியிருந்தது. அச்சு அசல் அம்மாவின் சுண்டுவிரல். நரம்பு இளகிவிட்டது; கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"அண்ணா, அம்மா கடைசில எப்படி இருந்தாங்க?"

அவன் கூரையைப் பார்த்தான். "உன்னைத்தான் கேட்டுட்டே இருந்தாங்க பாப்பா. நாலு நாள். நான்தான்... வீம்பு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா, அவளான்னு கேப்பாங்க. இல்லம்பேன்."

அந்த இடத்தில் அவளுக்கு அவனை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. பாதம் அவள் கையில் கனத்தது, குளிர்ந்திருந்தது. போர்வையை இழுத்து அதை மூடினாள். "இன்னும் சொல்லு," என்றாள். அவன் அழுதுகொண்டே சொன்னான். என்ன புடவை, எந்தப் பக்கம் தலை, கடைசியாக எத்தனை ஸ்பூன் கஞ்சி, எல்லாம். மெஷின் ஓடி முடியும்வரை அவள் கேட்டாள்.

ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து அழுத்தியபோது அது வந்தது. ஆமென். அவள் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் குரல் அம்மாவுடையது. கொஞ்சம் கரகரப்பாக, கடைசியில் லேசாக இழுத்து.

பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நர்ஸ் பிரஷரை எழுதிக்கொண்டாள், நூற்று முப்பதுக்கு எண்பது. அண்ணன் மட்டும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை சொல்லு பாப்பா."

சொன்னாள். இந்தத் தடவை அவள் குரல்தான் வந்தது. அவன் கண்ணை மூடி அதையும் கேட்டான். பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினான். ஐந்தாம் கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்து நின்றார். அவள் விரிப்பை மாற்றினாள்.