ஐந்து கூட்டமும் ஒரு கிளையும்

மனிதன் கல்லைத் தீட்டிக் கோடரியாக்கிய நாள் தொட்டு, ஒரு கிளையை வெட்டுமுன் இத்தனை ஆழமாகச் சிந்தித்தவர்கள் பூமியில் வேறெங்கும் இருந்திருக்க முடியாது. அந்தப் பெருமை நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்கே உரியது. ஐந்து கூட்டம் போட்டார்கள். கிளை மரத்திலேயே இருந்தது.

ஐந்தாவது கூட்டம் முடிந்த மாலையில் தோட்டக்காரர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு, மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த தன் ஒற்றை அறைக்கு நடந்தார். அந்தக் கிளை, காற்றில் அடிப்பக்கம் பிளந்து, சரியாக அவர் தகரக் கூரைக்கு மேலேதான் தொங்கியது. உள்ளே முழங்காலில் ஆபரேஷன் முடிந்த மனைவி. எழுந்து வாசல் வரை வருவதற்குள் ஒரு குடம் நிரம்பிவிடும். காற்று கிளம்பினால் அவர் கட்டிலைச் சுவரோரம் இழுப்பார்; அடங்கினால் மறுபடி ஜன்னலோரம். இரண்டு மாதத்தில் சிமெண்டுத் தரையில் நாலு கோடு விழுந்திருந்தது.

மரம் அறுக்கும் மெஷின் வாங்குவது என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. எந்த மெஷின் என்பதில்தான் குழு இரண்டாகப் பிளந்தது. தலைவர் பேட்டரிக் கட்சி. சத்தமில்லை, புகையில்லை, வருங்காலத் தலைமுறை நம்மை வாழ்த்தும் என்றார். பொருளாளர் பெட்ரோல் கட்சி. தன் ஸ்கூட்டர் முப்பது வருடமாக பெட்ரோலில்தான் ஓடுகிறது, ஒரு நாளும் மானத்தை வாங்கியதில்லை என்றார். நாலாவது கூட்டத்தில் மெஷினின் ரம்ப வாள் நீளம் பதினாலு அங்குலமா பதினாறா என்று இருவருக்கும் குரல் உயர்ந்தது. கிளையின் பருமன் என்ன என்று போய்ப் பார்த்தவர் எவருமில்லை.

தோட்டக்காரர் இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் மரம் அறுக்கும் கோஷ்டியில் இருந்தவர். இரண்டு மெஷினையும் பிடித்திருக்கிறார். பெட்ரோல் மெஷினின் அதிர்வில் மரத்துப்போன வலது கட்டைவிரலுக்கு இன்னும் முழுசாக உணர்ச்சி திரும்பவில்லை. மூன்றாவது கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லலாமென்று தொண்டையைச் செருமினார். “இருப்பா, மெஷின் விஷயம் பேசிட்டிருக்கோம்” என்றார் பொருளாளர். குழுவின் தீர்மானமின்றி ஓர் இலையையும் வெட்டக் கூடாது என்ற அறிவிப்பு மோட்டார் அறைக் கதவில் ஒட்டியிருந்தது. மீறினால் வேலை போகும். வேலையோடு அறையும் போகும்.

“வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்றாள் மனைவி.

“கேட்டாத்தானே சொல்றது. நான் நாற்காலி போடுற ஆளு.”

“பன்னெண்டு வருஷம் மரம் அறுத்தவரு நீங்க. அவங்க பென்சில் சீவியிருப்பாங்களா?”

“அது சீவுவாங்க. தீர்மானம் எழுதணுமே.”

சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை. அவர் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளை தானே ஒரு தீர்மானத்துக்கு வந்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு ஓடினார். கிளை சரிந்து கூரைமேல் படுத்திருந்தது. ஒரு கீற்று மரப்பட்டைதான் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. தகரம் உள்வாங்கி, தலையணைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்தது. மனைவி கண்ணைத் திறந்தபடி, மூச்சுகூடப் பெரிதாக விடாமல் படுத்திருந்தாள். குழாய் ரிப்பேருக்கு வந்திருந்த பிளம்பரும் அவருமாக அவளைத் தூக்கி வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு அவர் எந்தத் தீர்மானத்தையும் எதிர்பார்க்காமல் ஏணியைச் சாத்தினார். கயிற்றைக் கட்டிப் பிளம்பர் கையில் கொடுத்துவிட்டு, மூன்று துண்டாக அறுத்து இறக்கினார். அரை மணி நேரம்.

தலைவர் வந்து சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தார். தகரத்தையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வந்தார்.

“எந்த மெஷின்ல அறுத்த?”

தோட்டக்காரர் கைரம்பத்தைக் காட்டினார். “மேல தொங்குறதுக்கு மெஷினே ஆகாதுங்கய்யா. ஏணியில நின்னு ரெண்டு கையாலயும் அதப் பிடிச்சா, மரத்த யாரு பிடிக்கிறது? கீழ கிடக்கிற சின்னக் கட்டைக்கு பேட்டரி போதும். பெரிய அடிமரத்த நாள் முழுக்க அறுக்கணும்னா பெட்ரோல். நமக்கு அது வருஷத்துல ஒரு நாள் வேலை. வாடகைக்கே கிடைக்கும்.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

பதில் நாற்காலியிலிருந்து வந்தது. “ரெண்டு மாசமா என் தலைக்கு மேல தொங்குச்சுங்க. எங்க ரெண்டு பேரத் தவிர எல்லாரையும் கேட்டீங்க.”

தலைவர் மோட்டார் அறைக்கு நடந்தார். கதவிலிருந்த அறிவிப்பைக் கிழித்தார். பாதி வந்தது, பாதி பசையோடு நின்றது.

“தப்புதாம்மா” என்றார். “ஒரு வேலையப் பத்தி முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, அதச் செய்யறவரக் கேக்கணும். தாமதமானா யார் தலையில விழும்னு பாக்கணும். இது ரெண்டையும் செய்யாம அஞ்சு கூட்டம் போட்டிருக்கோம்.”

கூரை சரியாகும்வரை இருவரும் அலுவலக அறையில் தங்கலாம் என்றார். கட்டிலைத் தூக்கும்போது ஒரு முனையை அவரே பிடித்தார். மத்தியானம் தோட்டக்காரரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இழுத்தார். பேட்டரி மெஷின். குழு எப்படியும் தன் வழிக்கு வரும் என்ற நம்பிக்கையில், ஐந்தாவது கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே யாருக்கும் சொல்லாமல் வாங்கிவிட்டிருந்தார்.

“இனிமே கேட்டுத்தான் செய்யணும்னு சொன்னேன் இல்லையா? இப்ப உங்களக் கேக்கறேன். இது சரியா இருக்குமா?”

அவர் ‘உங்களை’ என்றதைக் கவனித்தபடியே தோட்டக்காரர் குந்தி உட்கார்ந்து பெட்டியைத் திருப்பினார். பேட்டரியும் சார்ஜரும் தனியாக வாங்க வேண்டும் என்று பக்கவாட்டில் எழுதியிருந்தது.