ஆடிக்குக் குடை

"ஆடிக்குக் குடையா? யாரைக் கேட்டு மாத்தினே, நான் உக்காந்து உக்காந்து வெட்டி ஒட்டின—"

"கேக்கலாம்னுதான்க்கா இருந்தேன், பசங்க அதுக்குள்ள—"

"பசங்க மேல பழியைப் போடாதே."

"போடலக்கா. ஒவ்வொண்ணும் செருப்பைக் கையில தூக்கிட்டு முழங்கால் தண்ணியில நடந்து வந்திருக்கு. அதுங்ககிட்ட இது காத்தடிக்கிற மாசம், பட்டம் விடுங்கன்னு எப்படிச் சொல்றது?"

"இது தமிழ் க்ளாஸ். தமிழ் மாசம்னா தமிழ்நாட்டு மழைதான்."

"ஆனா மழை பெய்யறது கரியாஹாட்லயாச்சே."

மாதங்கி குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

கொல்கத்தாவில், கரியாஹாட்டுக் கடைகளுக்குப் பின்னால், ஒரு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பு அது. வாண்டுகளுக்குப் பருவங்களைச் சொல்லிக்கொடுக்க மாதங்கி பெரிய அட்டைச் சக்கரம் ஒன்று செய்து மாட்டியிருந்தாள். ஆடிக்குப் பட்டம், ஐப்பசிக்குக் குடை, மார்கழிக்குக் குல்லா. அவள் ஒன்றும் சென்னையிலிருந்து நேற்று வந்து இறங்கியவள் இல்லை. தாத்தா காலத்திலிருந்து கொல்கத்தாதான். ஆடி மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனவள்தான். ஆனாலும் தமிழில் சொல்ல வந்துவிட்டால் ஐப்பசியில்தான் மழை பெய்தாக வேண்டும் அவளுக்கு. அவள் அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். சுற்றியிருந்த எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் அதை எதிர்த்துக் கேட்டதில்லை.

கேட்டவள் ஜெயப்ரியா, சக்கரத்தில் பட்டத்தை எடுத்துவிட்டு ஆடிக்குக் குடையை ஒட்டியவள். ஆற்றுக்கு அக்கரையில், ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். உதவிக்கு என்று சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் குழந்தைகள் அவளைச் சுற்றி ஈயாக மொய்த்தன. சக்கரத்தை நம்பாமல் அவற்றை மொட்டைமாடிக்கு அழைத்துப் போவாள். விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்வாள். எந்தப் பக்கம் சில்லென்று இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் காற்று. மேகம் கறுப்பா, சாம்பலா, தயிரா என்று கேட்பாள். தயிர் என்று கத்திக்கொண்டு வாண்டுகள் படியிறங்கி வரும்.

அதைக்கூட மாதங்கி பொறுத்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கும் அவள் இன்னும் டீச்சர்தான். நேற்று வந்தவள் மட்டும், வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ஜெயா தீதி. அப்படிக் கூப்பிடுகிற கூட்டத்தில் மாதங்கி பெற்ற மீனாக்ஷியும் ஒருத்தி. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வீட்டில் மின்விசிறிக்கு நேராக விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அது. என்னடி பண்றே என்றால், தீதி சொன்னா என்று ஒரு பதில். ஒருநாள் சாதம் பிசைந்து ஊட்டும்போது, உன் க்ளாஸ்ல மட்டும் ஏம்மா மழையே பெய்யறதில்லை என்று கேட்டுவைத்தது. மாதங்கி அந்த உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகவே வாயில் திணித்தாள்.

சண்டை வெங்கடநாராயணன் காதுக்கு எட்டியது. பாங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வகுப்பை நடத்தும் கமிட்டிக்குத் தலைவர். யார் பக்கமும் பேசாமல், வரும் ஞாயிறு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பாடம் நடத்துங்கள், பார்த்துவிட்டு வாண்டுகள் வகுப்பு யாருக்கு என்று சொல்கிறேன் என்றார்.

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்தே மழை ஊற்றியது. மாதங்கி சீக்கிரமே வந்து பாயை விரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெயப்ரியா. பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, படகை நிறுத்திட்டாங்க. பாலத்து வழியா பஸ்ல வரேன், ஒரே ஜாம். சார் போனை எடுக்க மாட்டேங்கிறாரு. லேட்டாகும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா?"

"சரி," என்றாள் மாதங்கி. சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள், அந்த நிமிஷம்வரை.

வெங்கடநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்கே? தகவல் உண்டா?"

மாதங்கி பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"தெரியலையே மாமா. மழைன்னு நின்னுட்டாளோ என்னவோ. சின்னப் பொண்ணுதானே."

வாயிலிருந்து வந்தது வந்ததுதான். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நீ ஆரம்பி என்றார்.

அன்றைக்கு மாதங்கி சக்கரத்தின் பக்கமே போகவில்லை. குழந்தைகளைப் பால்கனிக்குக் கூட்டிப் போனாள். விரலை நனைத்துத் தூக்கச் சொன்னாள். மேகம் என்ன நிறம் என்று கேட்டாள். ஒரு பொடியன் ப்ரிஷ்டி ப்ரிஷ்டி என்று வங்காளத்தில் கத்திக்கொண்டு குதித்தான். மழை என்று சொல்லடா கண்ணா என்று அவள் சொல்ல, எல்லாம் சேர்ந்து மழை என்று கத்தின. சாரலில் முகம் நனைந்து சிரிக்கிற குழந்தைகளைப் பார்க்க அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. இவ்வளவு சுலபமா இது என்று ஆத்திரமாகவும் வந்தது. மீனாக்ஷி மட்டும் விரலைத் தூக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது.

வெங்கடநாராயணன் கையைத் தட்டினார். இதைத்தான் எதிர்பார்த்தேன் என்றார். மழைக்குப் பயந்து வீட்டில் இருப்பவர்களை நம்பி வகுப்பை விட முடியாது, வாண்டுகள் உன்னிடமே இருக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு இனிமேல் வர வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றார். அத்தனை நாளாக மாதங்கி கேட்க ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டு அவள் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் படியில் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. ஜெயப்ரியா வந்து நின்றாள். சுரிதார் தொடைவரை சேறு, தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ் நடுவழியில் நின்றுபோக, மீதித் தூரத்தை நடந்தே வந்திருக்கிறாள். தீதி தீதி என்று பால்கனி முழுக்கக் காலியாகி அவள் காலைக் கட்டிக்கொண்டது. அவள் குழந்தைகளின் தலைக்கு மேலாக, வெங்கடநாராயணனின் சுருங்கிய முகத்தைப் பார்த்தாள். பிறகு மாதங்கியிடம் திரும்பி, நிம்மதியாகச் சிரித்தாள்.

"நல்லவேளை, உங்ககிட்டயாவது லைன் கிடைச்சுதே. நான் வந்துட்டிருக்கேன்னு சார்கிட்ட சொல்லிட்டீங்கல்லக்கா?"