மீரான் பாய் வீட்டு உள்ளறை

வீட்டை வாங்க ஒரு ஆள், அதைப் பார்த்துச் சொல்ல இன்னொரு ஆளா என்று கடலூர் முதுநகரில் எங்கள் குடும்பமே சிரித்தது. என் வீட்டுக்காரர் ரஃபியுதீன் மட்டும் சிரிக்கவில்லை. பினாங்கில் அவருடைய முதலாளி ஒரு இஞ்சினியரைக் கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் கடையே வாங்கினாராம்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கறதுக்கு அது என்ன கத்திரிக்காயா?" என்றார். கத்திரிக்காயைக்கூட நான் காம்பைக் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்குவேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

எனக்கு எரிச்சல்தான். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பம். மூன்று ஓரகத்திகளோடு ஒரே அடுப்படியில் முட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் பன்னிரண்டு நாளில் அவருக்கு நாகப்பட்டினத்தில் கப்பல். அதற்குள் சிதம்பரத்து வீடு முடியாவிட்டால் அவர் திரும்பி வர மூன்று வருடம் ஆகும், என் பிள்ளை அந்தப் புகைக்குள்தான் பிறக்கும். எனக்கு அந்த வீடு வேண்டும். நடுவில் ஒருவர் வந்து நொட்டை சொல்லிக் கெடுத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

வந்தவர் பொன்னுரங்கம். பொதுப்பணி இலாகாவில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈர்க்குச்சி உடம்பு, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் சின்னச் சுத்தியல், தூக்குக்குண்டு, ரசமட்டம். ரயிலில் பரங்கிப்பேட்டை தாண்டும்வரை அவர் வாயே திறக்கவில்லை. சரியான உம்மணாமூஞ்சி என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரத்து வீட்டின் சொந்தக்காரர் மீரான் பாய் வாசலிலேயே நின்று வரவேற்றார். வியாபாரம் நொடித்து, வீட்டை விற்றுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போக இருந்தார். நான் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்தில் ஓரமாக நின்றேன்.

பொன்னுரங்கம் வேலையைத் தொடங்கிய பிறகு என் எரிச்சல் மெல்ல மெல்ல எங்கோ போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தரையையும் உள்ளங்காலால் தடவிப் பார்த்தார். சுவரோரம் மூக்கை வைத்து முகர்ந்தார். கூடத்துக் கதவு நிலையை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, "பலா. காடாம்புலியூர்ப் பக்கத்து மரம். நீங்க தேக்குன்னு சொல்லியிருப்பீங்களே" என்றார். மீரான் பாய் தலையைச் சொறிந்தார். இன்னொரு அறையில் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்தத் தொட்டில் வளையம் ரெண்டு எடத்துல தேஞ்சிருக்கு. ரெண்டு புள்ளைங்கள ஒண்ணாப் போட்டு ஆட்டியிருக்கீங்க" என்றார். இரட்டைப் பிள்ளைகள்தான் என்று மீரான் பாய் வாயைப் பிளந்தபடி ஒப்புக்கொண்டார். எனக்குப் புல்லரித்தது. வீடு அவரிடம் பேசுகிறது, நமக்குத்தான் கேட்கவில்லை.

கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏழு அறை பாத்தேன். வெளியில சுத்தி வந்தா எட்டு இருக்கு."

"அது பொம்பளைங்க இருக்கற எடம்" என்றார் மீரான் பாய்.

விஷயம் இதுதான். யார் வீடு பார்க்க வந்தாலும் மீரான் பாய் வீட்டுப் பெண்கள் அந்த உள்ளறைக்குள் போய்த் திரையை விட்டுவிடுவார்கள். வந்த ஆண்களும் மரியாதையாகத் திரும்பிவிடுவார்கள். அதனால் வாங்க வந்த ஒருவர்கூட அந்த அறையைப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் இரண்டு தடவை வந்து பார்க்காமலேதான் திரும்பியிருந்தார்.

"விடுங்கய்யா, மத்ததுதான் நல்லாருக்கே" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், தம்பி."

"மச்சான், நான் போறேன்" என்றேன் அவரிடம்.

உள்ளே மீரான் பாயின் மனைவி அமீருன்னிசா மட்டும் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருக்கும், எனக்கு லாத்தா, அக்கா முறை. சலாம் சொல்லி என்னை உட்காரச் சொன்னாள். பொன்னுரங்கம் வெளியே தெற்குச் சந்துக்குப் போய், சுவரில் காதை வைத்துக்கொள்ளும்படி என்னிடம் சன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். அவர் தட்டிக்கொண்டே வர நான் காதை நகர்த்திக்கொண்டே போனேன். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று ஆனது.

"இங்க மாறுதுங்க" என்றேன்.

"அதுக்கு நேர் மேல உத்தரம் சுவத்துக்குள்ள ஏறும். மழைத் தண்ணி எறங்கி உப்புப் பூத்து அந்த எடத்துல மட்டும் சுண்ணாம்பு வெள்ளையா இருக்கும் பாருங்க."

பார்த்தேன். அறை முழுக்கப் பழுப்பு. உத்திரத்தின் முனையைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று வெள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது?

அமீருன்னிசா என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த அறையில யாரு படுப்பீங்க?"

"நான்தான் லாத்தா. புள்ள பொறந்தா அதுவும்."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். உத்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த மக்கா படத்தை பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழற்றி என் கையில் கொடுத்தாள். படம் இருந்த இடத்தில் கரியால் ஐந்து கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"ஒவ்வொரு ரமலான் பிறைக்கும் உத்தரத்தோட அடி வெளிம்பு எங்க இருக்குன்னு கோடு போட்டேன். மொத ரெண்டு வருசம் நெல்லு கனம்தான் எறங்குச்சு. போன மழைக்கு மட்டும் ஒரு வெரக்கடை."

நான் அதை அப்படியே சன்னல் வழியாகச் சொன்னேன். பொன்னுரங்கம் சுற்றி வந்து திரைக்கு இந்தப் பக்கம், கூடத்தில் நின்றார். அவர் குரல் மாறியிருந்தது.

"முப்பது வருசமா கட்டடம் பாக்கறேம்மா. ஒரு உத்தரம் எறங்கறத இப்படி வருசாவருசம் யாரும் அளந்து வச்சு நான் பாத்ததில்ல. முனை உள்ள மக்கிப் போச்சு. இந்த ஐப்பசிக்குத் தாங்காது."

பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "வாங்கிட்டு மழைக்கு முந்தி உத்தரத்த மாத்திடுங்க. மத்தபடி வீடு கல்லு மாதிரி. நான் எழுதிக் குடுக்கற காயிதத்துல, அளந்தவுங்க அமீருன்னிசா பீவின்னுதான் எழுதுவேன்."

சரி என்றார் இவர். வீடு எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. என் கண் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. அது சரியாக உத்திரத்தின் தெற்கு முனைக்குக் கீழே கிடந்தது.

மீரான் பாய் திரைக்கு அருகில் வந்தார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவ சொன்னேன். பொம்பளைக்கு உத்தரத்தப் பத்தி என்ன தெரியும்னீங்க. அப்புறம் கடையும் போச்சு. வித்தாத்தான் சோறுன்னீங்க. வாய மூடிக்கிட்டேன்."

"அதுக்குன்னு அஞ்சு வருசமா எல்லாரும் இதுக்குக் கீழயா படுத்தீங்க?"

"புள்ளைங்கள வடக்கால படுக்க வச்சேன்" என்றாள் அமீருன்னிசா. "அதுங்க நகந்து இந்தப் பக்கம் வந்துடக் கூடாதுல்ல. அதான் இங்க நான் படுத்துக்கிட்டேன்."

நான் மக்கா படத்தைக் கட்டிலில் வைக்கப் பயந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். அவள் முக்காலியிலிருந்து இறங்கி, கட்டிலை அங்கிருந்து நகர்த்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நீ தூக்கக் கூடாது" என்றாள்.