வராத கயிறு

விழிதியூர்ப் பக்கம் மீன் விற்கப் போகும்போது, மகள் தீபா என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், டிராயிங் டீச்சருக்கு என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள் பவுனம்மாள். புதுச்சேரியில் அவள் படிக்கிற படிப்பை விளங்க வைப்பதற்குள் கூடையில் மீன் நாறிவிடும்.

அந்தத் தீபாதான் பரீட்சைக்கு ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்று கிளிஞ்சல்மேட்டுக் கரைக்கு வந்து நின்றாள். கூடவே கேமராவோடு சிநேகிதி சுஹைனா. சங்கதி இவ்வளவுதான்: கடலுக்குள் நங்கூரத்தைப் போட்டு, அதில் கரைவலைக் கயிற்றைக் கட்டியாயிற்று. கரையில் நின்று தீபா அதை ஒண்டியாக இழுக்க வேண்டும். கயிறு வராது. வராது என்று தெரிந்தே காலையிலிருந்து பொழுது சாயும்வரை இழுக்க வேண்டும். பிசகாமல் எடுத்து முடித்தால்தான் காலேஜ் கண்காட்சியில் இடம். யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை அம்மாவுக்கு.

லேசான வேலையா அது? கரையில் ஒரு ஆள் கயிறு இழுத்தால், போகிறவன் வருகிறவன் எல்லாம் கை கொடுப்பதுதான் அங்கே பழக்கம். சும்மா வேடிக்கை பார்ப்பவனை மனுஷனாக மதிக்கமாட்டார்கள். முதலில் பக்கத்து வீட்டு உத்திராபதி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர். கலை, அது இது என்று மகள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துப் பார்த்தாள் பவுனம்மாள். ஒருத்தரும் நகரவில்லை. கடைசியில், இது வேண்டுதல் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், உத்திராபதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். ஒரு பெண் கற்பூரம் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள்.

ஊரைத் தடுத்தாயிற்று, சரி. தன்னைத் தடுக்க யார் இருந்தார்கள்? வெயில் தாழும்போது பிள்ளையின் உள்ளங்கை கிழிந்து கயிற்றில் ரத்தம் தெரிந்தது. பெற்ற மனம் கேட்குமா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், மகளுக்குப் பின்னால் நின்று கயிற்றில் கை போட்டுவிட்டாள்.

சுஹைனா கேமராவை நிறுத்தியதும் தீபா கத்திய கத்தலில் கரையே திரும்பிப் பார்த்தது. எல்லாம் பாழாய்ப் போச்சு என்று அழுதாள். அன்றைக்கே பஸ் ஏறிப் போனவள் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. பவுனம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் படிப்பில் நாமே மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று மருகினாள்.

கண்காட்சிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டது சுஹைனாதான். இருட்டு ஹாலில் சுவர் முழுக்கத் தீபாவின் முகம். தான் வந்த இடத்தை வெட்டியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு பவுனம்மாள் கடைசியில் ஒடுங்கி நின்றாள்.

வெட்டவில்லை. அன்றைக்கு முதுகுப் பக்கம் நின்றவள் பார்க்காததை, கடலோரத்தில் நின்ற கேமரா பார்த்திருந்தது. பின்னால் ஒரு கை கயிற்றைப் பிடித்ததும் தீபாவின் தோள் தளர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். காய்ச்சலில் கிடக்கும்போது அம்மா வந்து நெற்றியைத் தொட்டால் சிரிப்பாளே, அதே சிரிப்பு. படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் ஹாலில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பவுனம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தீபா வந்து பக்கத்தில் ஒட்டி நின்றாள்.

"சிரிக்கத்தானேடி செஞ்ச. அப்பறம் ஏன் என்னைய அந்தத் திட்டு திட்டுன?"

"தனியா இழுத்துருவேன்னு வீம்பா சொல்லிட்டு வந்தேம்மா. கயித்தப் புடிச்ச கொஞ்ச நேரத்துலயே, நீ எப்ப வருவேன்னு பாக்க ஆரம்பிச்சுட்டேன். அந்தக் கோவந்தான்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா மத்தியானமே வந்துருப்பேனேடி," என்றாள் பவுனம்மாள்.